பிரிவுக்குப் பின் ஒரு பழைய பட்டியல்

பிடிக்காத வேலையைத் தள்ளிப்போடுவதில் புதிர் ஒன்றும் இல்லை. பல் மருத்துவரிடம் போவதும் வரிக் கணக்கு எழுதுவதும் தாமாகவே நாளைக்குப் போய்விடும். பிடித்த வேலையையும் நாம் அதே மாதிரி தள்ளிப்போடுகிறோம் என்பதுதான் விசித்திரம். சுசான் ஷூ, அயலெட் க்னீஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சிகாகோ போன்ற நகரங்களில் சில நாள் தங்கிப் போகும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிடும் புகழ்பெற்ற இடங்களை, அங்கேயே குடியிருப்பவர்களில் பலர் பார்த்திருக்கவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் நெருங்கும்போதுதான் அவசர அவசரமாகச் சுற்றிப் பார்த்தார்கள். இன்னொரு சோதனையில் ஒரு பேக்கரியின் பரிசுச் சீட்டைச் சிலருக்கு மூன்று வாரக் கெடுவுடனும் சிலருக்கு இரண்டு மாதக் கெடுவுடனும் கொடுத்தார்கள். அதிக அவகாசம் கிடைத்தவர்கள்தான் கட்டாயம் பயன்படுத்துவோம் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. மூன்று வாரக்காரர்களில் 31 சதவீதம் பேர் சீட்டைப் பயன்படுத்தினார்கள். இரண்டு மாதக்காரர்களில் 6 சதவீதம் பேர்தான். வேண்டாத காரியம் நிற்பதற்குச் சலிப்பு காரணம். வேண்டிய காரியம் நிற்பதற்கு, இதைவிட வசதியான நேரம் பிறகு வரும் என்ற நம்பிக்கை காரணம்.

காதலிலும் திருமணத்திலும் இந்த நம்பிக்கைக்கு இன்னொருவர் பங்காளி ஆகிறார். 'கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்தே போகலாம்', 'வீட்டு லோன் முடியட்டும்', 'அவளுக்கு மலையேற்றம் ஒத்துக்கொள்ளாது, பார்ப்போம்' என்று ஒரு பட்டியல் சத்தமில்லாமல் நீளும். வண்டி ஓட்டத் தெரியாதவர் பின்சீட்டிலேயே ஐந்தாறு வருடத்தைக் கழித்துவிடுவார். கற்றுக்கொள்ள அவசியமே வந்திருக்காது. பிறகு உறவு முறிகிறது, பட்டியல் மிஞ்சுகிறது. 'நீச்சல் கற்றுக்கொள், எங்கேயாவது போய்விட்டு வா' என்று நண்பர்கள் சொல்வது அந்த நேரத்தில்தான். சிலர் இதை வெறும் வாய்ச் சமாதானம் என்று ஒதுக்குகிறார்கள். சிலர் மறுபிறவி என்றே கொண்டாடுகிறார்கள். கிடைத்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் இரு தரப்பும் பாதி வழியில் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. அறிவுரை சரிதான், அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் தவறு. தள்ளிப்போட்டதை எடுத்துச் செய்வது துக்கத்தை மறக்கடிப்பதில்லை, புது ஆளாக மாற்றுவதும் இல்லை. உறவுக்கு முன்பிருந்தே தன்னிடம் இருந்த ஒரு பகுதி இன்னும் பிழைத்திருக்கிறது என்பதற்குச் சான்று தருகிறது. அந்தச் சான்று ஏன் அவ்வளவு பெறுமானமுள்ளது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பிரிவில் என்ன இழக்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஆளை இழக்கிறோம் என்பது தெரிந்ததே. ஆர்தர் ஏரன், எலைன் ஏரன் தம்பதி 1986இல் முன்வைத்த பார்வை அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது. நெருக்கத்தில் 'நான்' என்பதன் எல்லை விரிகிறது. மற்றவரின் நண்பர்கள், ரசனை, திறமை, ஊர் எல்லாம் ஓரளவுக்கு நம்முடையவையாகிவிடுகின்றன. 1992இல் அவர்கள் குழு உருவாக்கிய அளவுகோல் மிக எளியது. இரண்டு வட்டங்கள் தொடாமல் நிற்பதிலிருந்து ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று கவிந்துவிடுவது வரை ஏழு படங்கள். உங்கள் உறவு எந்தப் படம் என்று காட்டினால் போதும். 1995இல் வெளிவந்த ஆய்வில் 325 மாணவர்களிடம் பத்து வாரங்களில் ஐந்து முறை, 'இன்று நீங்கள் யார்?' என்று எழுதச் சொன்னார்கள். இடையில் காதலில் விழுந்தவர்கள் தங்களைப் பற்றி எழுதியது மற்றவர்கள் எழுதியதைவிடப் பல துறைகளுக்குப் பரவியது. இதன் மறுபக்கத்தை கேரி லெவண்டோஸ்கி 2006இல் ஏரனோடு சேர்ந்து காட்டினார். எந்த உறவு ஒருவரை அதிகம் விரித்ததோ, அது முறியும்போது அவர் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடியதும் அதிகம் சுருங்கியது. எரிக்கா ஸ்லாட்டர், வெண்டி கார்ட்னர், ஈலை ஃபிங்கெல் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பிரிந்தவர்களுக்குத் தாங்கள் யார் என்பதே மங்கலாகிறது. அந்த மங்கல் எவ்வளவோ, படும் வேதனையும் அவ்வளவு. 'அவன் இல்லாமல் நான் யாரென்றே தெரியவில்லை' என்பதைச் சினிமா வசனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. அளந்து பார்த்தவர்களுக்கு அது ஏறக்குறைய உள்ளதை உள்ளபடி சொல்லும் வாக்கியம்.

அப்படியானால் சுருங்கியதை எதைக் கொண்டு நிரப்புவது? புதிதாக எதையாவது கொண்டு என்பது எளிதாக வரும் பதில். இங்கேதான் லெவண்டோஸ்கியும் நிக்கோல் பிசோக்கோவும் 2007இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமாகிறது. ஒருவரை விரியவிடாத, வறட்சியான உறவு முறிந்தபோது பலர் வளர்ச்சியையும் நிம்மதியையும் சொன்னார்கள். அவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், தொலைந்துபோயிருந்த தன்னை மீண்டும் கண்டுகொண்டதன் வழியாகவே கிடைத்திருந்தது. இதை என் வாதத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். பிரிந்த மறுமாதம் திடீரென்று மண்பாண்டம் செய்யக் கற்கப் போகிறவருக்கும், பத்தாம் வகுப்பில் நிறுத்திய வீணையை எடுக்கிறவருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. இருவரும் வகுப்புக்குப் போகிறார்கள். ஆனால் வீணைக்காரரின் ஆசைக்கு அந்த உறவைவிட வயது அதிகம். அதைக் கையில் எடுக்கும்போது, பிரிந்தவரோடு சேர்ந்து உருவாகாத ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அவர் தனக்கே நிரூபித்துக்கொள்கிறார். மண்பாண்டம் பிடித்துப்போகலாம், அதுவும் நல்லதே. ஆனால் நான் யார் என்ற கேள்வி மங்கிக் கிடக்கும் நேரத்தில் புதியது இன்னொரு கேள்வியாக வந்து நிற்கிறது. பழையது ஒரு விடையாக வருகிறது. பட்டியலில் இருப்பவையும் எல்லாம் ஒரு தரமல்ல. இருவரும் சேர்ந்து செய்யக் காத்திருந்தவற்றில் அந்த ஆளின் நினைவு ஒட்டியிருக்கும். சேர்ந்து போகத் திட்டமிட்ட ஊருக்குத் தனியாகப் போவது பலருக்குப் புண்ணைக் கீறுவதாக முடியும். மற்றவருக்குப் பிடிக்காது என்று விட்டுக்கொடுத்தவையும், உறவு தொடங்கும் முன்பே கிடப்பில் போட்டவையும்தான் முதலில் எடுக்க ஏற்றவை.

இதற்குப் பிரிவின் காலம் ஏன் தோதானது என்பதற்கு வேறொரு துறையிலிருந்து சான்று வருகிறது. பழக்கங்கள் மன உறுதியைவிடச் சூழலையே அதிகம் நம்பி நிற்கின்றன என்பது வெண்டி வுட் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. 2005இல் அவரும் சக ஆய்வாளர்களும் பல்கலைக்கழகம் மாறிய மாணவர்களைக் கவனித்தார்கள். புது இடத்தில் சூழல் பழையது போலவே அமைந்தால் உடற்பயிற்சி, பத்திரிகை வாசிப்பு, தொலைக்காட்சி எல்லாம் தொடர்ந்தன. சூழல் மாறியபோது அவை மனம் சொன்னபடி மாறின. பாஸ் வெர்ப்ளாங்கனும் டெபோரா ராயும் 2016இல் இங்கிலாந்தில் 800 பேரிடம் சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களைப் புகுத்திப் பார்த்தார்கள். அண்மையில் வீடு மாறியவர்களிடம் அந்த முயற்சி கூடுதலாகப் பலித்தது. வீடு மாறிச் சுமார் மூன்று மாதம் வரைதான் அந்த வாய்ப்பு திறந்திருந்தது. பிரிவு வீடு மாறுவதைவிட ஆழமான இடமாற்றம். இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை போனில் போன நேரம், ஞாயிறு மாலை, அலுவலகம் விட்டு வரும் வழியில் நின்ற டீக்கடை என்று ஒரு நாளின் அமைப்பே கலைகிறது. அந்த வெற்றிடம் காலியாக இருக்கப்போவதில்லை. பெரும்பாலும் அதே போனே அதை நிரப்பும். டாரா மார்ஷல் 2012இல் 464 பேரிடம் நடத்திய ஆய்வில், முன்னாள் துணையின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி எட்டிப் பார்த்தவர்களிடம் வேதனையும் ஏக்கமும் அதிகம், வளர்ச்சி குறைவு. எது எதற்குக் காரணம் என்பதை அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேதனை அதிகமுள்ளவர்தான் அதிகம் பார்க்கிறாரோ என்னவோ. எப்படியும் ஒன்பதரை மணிக்கு வேறொரு வேலை வைத்துக்கொள்வதில் நட்டம் இல்லை. ஆனால் அந்த வேலையையே அவர் கண்ணில் படும்படி இன்ஸ்டாகிராமில் போடுவதற்காகச் செய்தால், ஆள் போனபின்னும் அரங்கில் முதல் வரிசை இருக்கை அவருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

'பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறேன்' என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். புதுத் தொடக்கம் என்ற எண்ணத்துக்கு உண்மையிலேயே சக்தி உண்டு. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் காட்டியபடி, வாரம், மாதம், ஆண்டு, கல்விப் பருவம் இவற்றின் தொடக்கத்திலும் பிறந்தநாளை ஒட்டியும் மக்கள் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கூகுளில் தேடுவதும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் கூடுகின்றன. (21ஆம் பிறந்தநாள் மட்டும் விலக்கு, அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்தத் தகுதி வரும் வயது அது.) ஆனால் இதே டாய் 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு அதிகம் பேசப்படவில்லை. அமெரிக்கப் பேஸ்பாலில் ஒரு வீரரை ஒரு லீகிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் அந்தப் பருவத்துக்கான அவருடைய புள்ளிவிவரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதே லீகுக்குள் அணி மாறினால் கணக்கு தொடரும். பூஜ்யமான பிறகு, அதுவரை மோசமாக ஆடியவர்கள் தேறினார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் சறுக்கினார்கள். பிரிந்தவரின் வாழ்க்கையில் எல்லாமே மோசமாக இருந்திருக்காது. வேலை நன்றாகப் போயிருக்கும், இரண்டு மூன்று நட்புகள் உறுதியாக இருந்திருக்கும், காலை நடை இருந்திருக்கும். ஊர், வேலை, தலைமுடி, நண்பர் வட்டம் என்று ஒரே வீச்சில் அனைத்தையும் மாற்றுகிறவர் ஓடிக்கொண்டிருந்த கணக்குகளையும் சேர்த்து அழிக்கிறார். ஏற்கெனவே தன் படம் மங்கிப்போனவர், மிச்சமிருக்கும் கோடுகளையும் தானே அழித்துக்கொள்வதில் புத்திசாலித்தனம் தெரியவில்லை. பழைய பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பது, மற்றவற்றை அப்படியே விட்டுவைக்கிறது.

இதை எதிர்த்துச் சொல்லப்படுவதில் பலமானது, இதெல்லாம் துக்கத்திலிருந்து தப்பியோடும் வழி என்பது. அழ வேண்டியதை அழுது தீர்க்காமல் கராத்தே வகுப்பில் போய் ஒளிந்துகொண்டால் பிறகு வட்டியோடு திரும்பி வரும் என்பார்கள். சாண்ட்ரா லாங்கெஸ்லாக் 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இந்த ஐயத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. பிரிந்த துணையைவிட்டு எண்ணத்தை வேறு பக்கம் திருப்பியவர்களின் மனநிலை லேசானது, காதலுணர்வு குறையவில்லை. அந்த ஆளின் குறைகளை நினைக்கச் சொன்னபோது காதல் குறைந்தது, மனநிலை கெட்டது. ஆக, கவனத்தைத் திருப்புவது வலி நிவாரணிதான். மருந்தென்று சொல்ல முடியாது. ஆனால் இந்த எதிர்வாதம் ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது: துக்கத்தோடு உட்கார்ந்து அதன் பொருளைத் தோண்டுவது குணமாக்கும் என்று. டேவிட் ஸ்பாரா குழு 2013இல் அதையும் சோதித்தது. அண்மையில் திருமண உறவிலிருந்து பிரிந்த 90 பேரில் சிலரை மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டி எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை அன்றன்று என்ன செய்தார்கள் என்பதை உணர்ச்சி கலக்காமல் எழுதச் சொன்னார்கள். 'ஏன் இப்படி நடந்தது' என்று ஓயாமல் பொருள் தேடிக்கொண்டிருந்தவர்கள், சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, மனதைக் கொட்டி எழுதிய குழுவில் மோசமாக இருந்தார்கள். அதே வகை ஆட்கள், காலையில் எழுந்தேன், துணி துவைத்தேன் என்று எழுதிய குழுவில் நன்றாக இருந்தார்கள். ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்த சலிப்பான பயிற்சி இப்படி உதவியது எவரும் எதிர்பாராதது. நினைத்து நினைத்து அரைப்பதும் தப்பியோடுவதன் ஒரு வகைதான். இன்று செய்ய வேண்டியதிலிருந்து தப்பியோடுவது.

மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இந்தக் கருத்து வெகுநாளாகவே உண்டு. செயல்வழிச் சிகிச்சை என்று சொல்லத்தக்க அந்த முறையின் வேர் 1970களில் பீட்டர் லூவின்சன் செய்த பணியில் இருக்கிறது. மனம் சரியானதும் செய்கிறேன் என்று காத்திருப்பவரிடம், சிறியதாக ஒன்றை நாளும் நேரமும் குறித்துச் செய்யச் சொல்வது, செய்த பிறகு எப்படி இருந்தது என்று பார்ப்பது, அடுத்ததைக் குறிப்பது: இவ்வளவுதான் அதன் சாரம். எந்தச் செயல் என்பதை அந்த ஆளுக்கு முக்கியமானவற்றிலிருந்தே எடுப்பார்கள். இதற்கான மிக நல்ல சான்றுகளில் ஒன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. விக்ரம் பட்டேலும் கோவாவின் சங்கத் அமைப்பும் 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்திய சோதனை 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆலோசகர்கள் மனநலப் படிப்பு படித்தவர்கள் இல்லை. அந்த வட்டாரத்திலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேரும் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். அவர்கள் காதல் முறிந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிரிவின் துயரம் நோயும் இல்லை. ஆனால் மனம் முதலில், செயல் பிறகு என்ற வரிசையைத் திருப்பிப் போடலாம் என்பதற்கு இது போதும்.

வரிசையைத் திருப்புவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு டூ வீலர் ஓட்டக் கற்பதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பின்சீட்டிலேயே இருந்தவருக்கு வாகனம் என்பது இன்னொருவர் வந்தால்தான் நகரும் ஒன்று. எல்.எல்.ஆர். எடுத்த அன்றே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 30 நாள் கழிந்தபின்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆறு மாதம் தாண்டினால் அந்த எல்.எல்.ஆர். செல்லாது. ஷூவும் க்னீஸியும் சோதனைக்காகச் செயற்கையாக உருவாக்கிய கெடுவை ஆர்.டி.ஓ. அலுவலகம் சும்மாவே கொடுத்துவிடுகிறது. மனநிலை எப்படி இருந்தாலும் காலை ஆறரைக்கு மைதானத்துக்குப் போக வேண்டும். தேர்வு நாளில் எட்டு போட வேண்டும். எட்டின் இடுப்பில் வண்டி வேகம் குறைந்து சாயும். அங்கே பிரேக்கைப் பிடித்தால் கால் கீழே போய்விடும், கால் ஊன்றினால் போச்சு. கண் முன்சக்கரத்தில் இருக்காமல் அடுத்த வளைவில் இருந்தால் வண்டி தானாகத் திரும்பும் என்று சொல்லிக்கொடுப்பவர் கத்துவார். அந்தச் சில வினாடிகளில் வேறொன்றை நினைக்க இடமே இல்லை. ஆனால் அதைக் கவனம் திருப்பும் வித்தை என்று மட்டும் சொன்னால், பிறகு மிஞ்சுவதை விட்டுவிடுகிறோம். சினிமா பார்த்தாலும் இரண்டரை மணி நேரம் எதையும் நினைக்காமல் இருக்கலாம், வெளியே வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. இங்கே உரிமம் இருக்கிறது. இனி தன் ஊருக்குள் தானே போய்வரலாம் என்ற நிலை இருக்கிறது. தோற்றாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி போகலாம். ஆண்டுக்கு இருமுறை வரும் அரசுத் தட்டச்சுத் தேர்வு, குறித்த நாளில் நடக்கும் மாரத்தான், கோயில் விழாவுக்குத் தயாராகும் பறைக்குழு என்று வெளியிலிருந்து தேதி வரும் எதற்கும் இந்தக் குணம் உண்டு. தனக்குத் தானே தேதி வைத்துக்கொள்ளும் கிதார் பயிற்சியில் இது கிடைப்பது கடினம்.

அடுத்த எதிர்வாதம் ஆய்வுத் துறைக்குள்ளிருந்தே வருகிறது, அதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். டை டஷிரோவும் பாட்ரீசியா ஃப்ரேசியரும் 2003இல் கேட்டபோது, பிரிந்த மாணவர்கள் தங்களிடம் சராசரியாக ஐந்து வகையான நல்ல மாற்றங்களைச் சொன்னார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 2009இல் இதே ஃப்ரேசியர் குழு, அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் மாணவர்களை அளந்து பார்த்தது. வளர்ந்துவிட்டதாக அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் மாறியதற்கும் பெரிதாகத் தொடர்பு இல்லை. காதல் முறிவை மட்டும் எடுத்துக்கொண்டு இதே முறையில் மெகன் ஓவென்ஸும் பிளேன் ஃபவர்ஸும் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. 'அந்தப் பிரிவுதான் என்னை வளர்த்தது' என்பது பல நேரம் வலிக்கு நாம் கொடுத்துக்கொள்ளும் கௌரவமான பெயர். இது என் வாதத்தைச் சாய்ப்பதாகத் தெரியவில்லை. அதன் எல்லையைச் சரியாக வரைகிறது. வளர்ந்துவிட்டேன் என்று உணர்வது ஒன்று, நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகத் தெரிவது வேறொன்று. இரண்டாவதற்கு யாருடைய சுயமதிப்பீடும் தேவையில்லை. 'இதனால் நான் வேறு ஆளாகிவிட்டேன்' என்ற கதையைப் பின்னாமல், இதைச் செய்யத் தெரியும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

மூன்றாவது எதிர்ப்பு காசையும் நேரத்தையும் பற்றியது. இதை மேல்தட்டுக் கவலை என்று தள்ள முடியாது. மணமுறிவுக்குப் பிறகு இத்தாலி, இந்தியா, இந்தோனேசியா என்று ஓராண்டு சுற்றி எலிசபெத் கில்பர்ட் 2006இல் எழுதிய புத்தகம் உலகெங்கும் விற்றது. அந்தப் பயணத்துக்குப் பதிப்பாளரின் முன்பணம் இருந்தது. நம் பக்கம் பெண்கள் தள்ளிப்போட்டதற்குப் பேக்கரிச் சீட்டு உளவியல் காரணமே இல்லை. 2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். நல்ல நேரம் வரும் என்ற நம்பிக்கையால் அவர்கள் காத்திருக்கவில்லை, நேரமே இல்லாததால் காத்திருந்தார்கள். பிள்ளைகளோடு பிரிந்து வந்த பெண்ணுக்கு அந்த நிமிடங்கள் கூடும், வருமானம் குறையும். அவரிடம் மலையேற்றத்தைப் பற்றிப் பேசுவது கேலி. ஆனால் கோவா சோதனையை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்துக்கு வந்த அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள், வசதி படைத்தவர்களும் அல்லர். அவர்களுக்கு உதவிய செயல்கள் விமானம் ஏறிச் செய்தவை இல்லை. முறைக்குச் செலவு தேவைப்படுவதில்லை. அதைச் சுற்றி வளர்ந்த பயணக் கற்பனைக்குத்தான் தேவைப்படுகிறது. நேரம் மட்டும் வேறு விஷயம். அதை யாராவது விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும்: பிள்ளையை வாரத்தில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் அக்காவோ அம்மாவோ இல்லாமல், எவ்வளவு உயர்ந்த உளவியலும் அந்தப் பெண்ணுக்கு வேலைக்காகாது. பிரிந்து வந்த மகளுக்கு ஆறுதல் சொல்லும் வீடுகள் இதை யோசிக்கலாம்.

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றியவை என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே பிரிவு என்றால் பெரும்பாலும் இருவரில் ஒருவர் முடிவெடுத்தது. இங்கே எத்தனையோ காதல்களை முறிப்பது மூன்றாம் தரப்பு. இந்திய மனித வளர்ச்சி ஆய்வின் 2011–12 சுற்றில் சாதி மாறிய திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். சாதிக்காகப் பிரிக்கப்பட்டவரிடம், 'உங்கள் உறவு உங்களை விரியவிட்டதா' என்று கேட்பது கேள்வியே இல்லை. அவருக்குள்ள கோபத்துக்கு நீச்சல் வகுப்பு பதிலும் இல்லை. காதலே வீட்டுக்குத் தெரியாமல் நடந்திருந்தால், முறிவும் தெரியாமல்தான் நடக்கும். விடுப்பு எடுக்க முடியாது, அழ முடியாது, 'ஏன் சாப்பிடவில்லை' என்பதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் வகுப்பு என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் யோசிக்காத ஒரு பயன் இருக்கிறது: வீட்டைவிட்டு வெளியே போகவும் புதிய முகங்களைப் பார்க்கவும் யாரும் கேள்வி கேட்காத காரணம் கிடைக்கிறது. மணமுறிவு கேட்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் ஒத்துக்கொண்டாலும் ஓராண்டு பிரிந்திருந்து மனு போட வேண்டும்; பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாய்தா மேல் வாய்தாதான். டாயும் மில்க்மனும் சொல்லும் தொடக்க நாள் இவர்களுக்கு வருவதே இல்லை. தீர்ப்பு வந்தபின் வாழ்க்கையைத் தொடங்கலாம் என்று இருப்பவர் இரண்டு மாதக் கெடு பெற்ற பேக்கரி வாடிக்கையாளரைவிட மோசமான நிலையில் இருக்கிறார், ஏனென்றால் அவர் சீட்டில் தேதியே இல்லை. தேதி நீதிமன்றத்திலிருந்து வராதபோது எல்.எல்.ஆரிலிருந்தோ தேர்வு அட்டவணையிலிருந்தோ எடுத்துக்கொள்வது அவருக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இந்த முறை போதாத இடமும் உண்டு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டில் நடந்த 1,70,924 தற்கொலைகளில் 4.5 சதவீதத்துக்குக் காதல் விவகாரமும் 4.8 சதவீதத்துக்குத் திருமணம் தொடர்பான பிரச்சினையும் காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வருகிறவருக்கு நண்பர்கள் கொடுக்க வேண்டியது பொழுதுபோக்குப் பட்டியல் இல்லை; கூட உட்கார்ந்திருப்பதும், மருத்துவரிடம் அழைத்துப் போவதும், எந்த நேரமும் கிடைக்கும் டெலி மானஸ் 14416 எண்ணை அவருக்காக அழைப்பதும்தான். செயல் பிறகு வரலாம்.

மற்றவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எடுத்துப் பார்த்த செயல் பிடிக்காமல் போவது சகஜம். இருபது வயதில் ஆசைப்பட்ட கிதார் முப்பத்திரண்டில் விரல் நுனியை மட்டும் எரிக்கலாம். உறவு குறுக்கே நின்றதால்தான் இசைக்கலைஞராகவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தது பொய்யென்று மூன்றே வாரத்தில் தெரிந்துவிடலாம். அதைத் தோல்வியாக எண்ணுகிறவர்கள் உண்டு. நான் யார் என்ற கேள்வியோடு தொடங்கியவருக்கு, நான் கிதார்காரர் இல்லை என்பதும் தெளிவான ஒரு விடையே. பிரிந்தவர் மேல் இருந்த ஒரு பழியும் அதோடு நீங்குகிறது. கிதாரை விற்றுவிடலாம். பழைய கிதார் வாங்க ஆள் எப்போதும் உண்டு, அவர்களில் சிலருக்கும் அண்மையில்தான் ஏதாவது முறிந்திருக்கும்.